யாரு நிக்கிறது?

செம்புமலைத் தோட்டத்தில் ஹாக்கி ஆட வந்த எவனும் கோல்கீப்பர் ஆக ஆசைப்பட்டு வந்ததில்லை. முன்னால் ஓடுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு. நடுவில் ஆடுகிறவனுக்குப் பேர் உண்டு. கோலில் நிற்கிறவனுக்கு முழங்கால் வீக்கமும் வீட்டில் திட்டும்தான் மிச்சம். அதனால் சாயங்காலம் பாடாங் திடலில் பிள்ளைகள் கூடியதும் எழும் முதல் கேள்வி, "யாரு நிக்கிறது?" என்பதுதான். கோலில் யார் நிற்பது என்று அர்த்தம். கேள்வி காதில் விழுந்ததும் அத்தனை பேரும் ஷூ கயிறு கட்டக் குனிந்துவிடுவார்கள். பத்து வயது நிவேந்திரனுக்கு அப்போது ஷூ கிடையாது. குனிய ஒரு சாக்கும் இல்லாமல் முழித்துக்கொண்டு நின்றான். "அப்ப நீ நில்லு" என்றார்கள். இப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

தோட்டம் மலாக்கா மாநிலத்தில், ஜாசின் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அறிவிப்புப் பலகையில் மலாயில் புக்கிட் தெம்பாகா என்று இருக்கும். தமிழர்களுக்கு அது என்றைக்கும் செம்புமலைதான். ஒரு காலத்தில் நூற்றிருபது குடும்பங்கள். இப்போது இருபத்திரண்டு. மற்றவர்கள் ஜாசின் தாமான் குடியிருப்பிலும் மலாக்கா டவுனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்கள் சமைக்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயம் மட்டும் அசையவில்லை. ஒன்று மாரியம்மன் கோயில், இன்னொன்று ஹாக்கி க்ளப். அசையாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே ஐந்து பேர், ஒரே மேசை, ஒரே டிராயர்.

அந்த ஐந்து பேரில் நான்கு பேர் தலையாட்டுவார்கள். பேசுவது சிவசாமி. தோட்டத்து ஆபிசில் கிராணி என்கிற குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோயிலுக்குத் தலைவர், க்ளப்புக்குச் செயலாளர். எது கோயில் கூட்டம், எது க்ளப் கூட்டம் என்று சில சமயம் அவருக்கே குழம்பிவிடும். ஒரு வருஷம் திருவிழா நோட்டீஸில் "அனைவரும் அரை மணி நேரம் முன்னதாகச் சீருடையில் வந்து வார்ம்-அப் செய்யவும்" என்று அச்சாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிவசாமி முன்னால் சிரிக்கிற பழக்கம் அந்தத் தோட்டத்தில் இல்லை.

நிவேந்திரன் பதினாறு வயதில் க்ளப்பின் பெரிய டீமுக்கு வந்தான். நல்ல உயரம், நீளக் கை, அவசரப்படாத புத்தி. பந்து வருகிறவரை அசையமாட்டான். அடிக்கிறவன்தான் பயந்து தப்பாக அடிப்பான். ஜாசின் லீக்கில் பதினெட்டு சீசன் ஆடியிருக்கிறான், ஒரே ஒரு ஆட்டம் தவறவிட்டிருக்கிறான், அதுவும் தன் கல்யாணத்தன்று. அன்றைக்கு செம்புமலை ஏழு கோல் வாங்கியது. தாலி கட்டி முடித்த கையோடு சிவசாமி வந்து அந்த எண்ணிக்கையைச் சொல்லி, மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பகலில் அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். தோட்டத்து வேலை என்பதால் தோட்டத்து வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும்.

விட ஒரு வாய்ப்பு வந்தது. அவனுக்கு இருபத்து நான்கு வயதானபோது மலாக்கா டவுனில் ஒரு கம்பெனி க்ளப் அவனைக் கேட்டது. ஸ்டோரில் வேலை, தங்க இடம், வாரத்தில் ஐந்து நாள் செயற்கைப் புல் போட்ட டர்ஃப் மைதானத்தில் பயிற்சி. ஒரே ஒரு காகிதம்தான் வேண்டும், பழைய க்ளப் "இவரை விடுவிக்கிறோம்" என்று கையெழுத்துப் போட்ட காகிதம். அதை எடுத்துக்கொண்டு நிவேந்திரன் சிவசாமி வீட்டுக்குப் போனான். சிவசாமி காகிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்.

"நீ போயிட்டா யாரு நிக்கிறது?"

நிவேந்திரன் அவர் வீட்டுச் சிமெண்டுத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். சுவரில் கடிகாரம் ஓடியது. பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான். அந்த இடத்துக்கு டவுன் பையன் கிருஷாந்த் போனான். அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், அம்மா வங்கியில், வீட்டில் இங்கிலீஷ். நல்ல பையன்தான், கெட்டிக்காரன்தான். இரண்டே வருஷத்தில் மலாக்கா மாநில அணிக்கு முதல் கோல்கீப்பர் ஆனான்.

மாநில அணிக்கு இரண்டு கோல்கீப்பர் வேண்டும். இரண்டாவது ஆளாக நிவேந்திரனைக் கூப்பிட்டார்கள். கேட்டதும் தோட்டமே துள்ளியது. இரண்டாவது கீப்பர் என்றால் என்ன என்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. நான் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பருக்குப் பந்தடித்துப் பழக்கவேண்டும். ஆட்டம் தொடங்கியதும் காலில் பேட் கட்டி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கி, ஓரமாக நிற்கவேண்டும். முதல் கீப்பர் விழுந்தால் உள்ளே போகவேண்டும். கிருஷாந்த் விழுகிற ஆள் இல்லை. ஒரு வருஷம் பந்து தோள்பட்டையில் பட்டுச் சாய்ந்தான். நிவேந்திரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோடு வரைக்கும் ஓடினான். கிருஷாந்த் எழுந்து தூசி தட்டிவிட்டு, "ஓக்கே, ஓக்கே" என்றான். இன்னொரு வருஷம் கிருஷாந்துக்கு டெங்கி. அந்த வருஷம் கொரோனா வந்து போட்டியையே நிறுத்திவிட்டார்கள். இப்படியே ஒன்பது சீசன் போயிற்று. மாநிலத்துக்காக நிவேந்திரன் ஒரு நிமிஷம்கூடக் களத்தில் கால் வைத்ததில்லை.

இதில் சிக்கல் முதல் வருஷமே முடிச்சுப் போட்டுக்கொண்டது. நான்கு நாள் போட்டி முடிந்து, பையோடு வீடு திரும்பினான். அவன் அப்பா பொன்னுரங்கம் வாசல் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரையோடு நிமிர்ந்து, "நின்னியா?" என்றார்.

நான்கு நாளும் ஓரத்தில் நின்றே அவனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. "நின்னேன்ப்பா" என்றான்.

பொய் இல்லை. ஆனால் அப்பா முகத்தைத் துடைக்காமல்கூட சிவசாமி வீட்டுக்கு ஓடினார். அடுத்த வாரம் கோயில் வாசலில் பேனர் தொங்கியது. ஹெல்மெட்டோடு நிவேந்திரன் படம், கீழே "மலாக்கா மாநிலத்தின் கோல் காவலன், எங்கள் செம்புமலையின் செல்வன்". அதை எப்படிக் கழற்றச் சொல்வது? அடுத்த வருஷமும் அப்பா கேட்டார், "நின்னியா?" அடுத்த வருஷமும் அவன் நின்றதாகவே சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா போய்ச் சேர்ந்தார். கருமாதியன்று சிவசாமி எழுந்து, மகன் ஸ்டேட்டுக்கு நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று பேசினார். பொன்னுரங்கம் எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. அன்றைக்கு நிவேந்திரன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி நிர்மலாதேவி. புலாவ் செபாங்கில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியுமுன் ஃபேக்டரி பஸ் பிடிக்க எழுகிறவள். டவுனுக்குக் குடிபோகலாம் என்று ஏழு வருஷமாகச் சொல்லி வருகிறாள். கல்யாணமான புதிதில் அவன் மாநில ஜெர்சியைத் துவைக்க எடுத்தவள், முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்கு வேர்வைன்னா என்னன்னே தெரியாது போல" என்றாள். அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கவில்லை. ஜெர்சியை மடித்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

இந்த வருஷம் போட்டி மலாக்கா டவுனிலேயே நடந்தது. திருவிழாவும் அதே வாரம் வந்தது. செம்புமலைக் கோயிலில் தீச்சட்டி எடுப்பதில் ஒரு முறை இருக்கிறது. முதல் சட்டி பொன்னுரங்கம் வீட்டார் சட்டி. அது கிளம்பினால்தான் மற்ற சட்டிகள் கிளம்பும். எடுக்கிறவனுக்கு இரண்டு நாள் முன்னதாகவே காப்பு கட்டுவார்கள், வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டியவன் திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அப்பாவுக்குப் பிறகு அந்தச் சட்டி நிவேந்திரனுடையது. வியாழக்கிழமை கையை நீட்டினான், கட்டினார்கள். கடைசி இரண்டு நாள் வரமுடியாது என்று கோச்சிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தான். "பரவால்ல, நீ எப்படியும் சும்மாதானே இருக்கப்போற" என்றுதான் கோச்சும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. கோச் சற்குணம் சார், ஓய்வு பெற்ற ஆசிரியர், டவுன்காரர்.

"நிவேன், செமிஃபைனல் தோத்தாச்சு. கிருஷாந்துக்கு கணுக்கால் போச்சு, கட்டுப் போட்டிருக்கு. நாளைக்கு தர்ட் பிளேஸ் மேட்ச், நாலு மணி. நீதான் கோல். வந்துரு."

நிவேந்திரன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எதிரே சுவரில் அப்பா படம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். பார்க்க நூறு பேர்கூட வரமாட்டார்கள். இருக்கட்டுமே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை உள்ளே போய் நின்றுவிட்டால் ஒன்பது வருஷத்து "நின்னேன்" உண்மையாகிவிடும். முப்பத்து நான்கு வயதுக்காரனுக்கு இன்னொரு முறை போன் வராது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கோயிலுக்கு ஓடினான். சிவசாமி ஏணிக்குக் கீழே நின்று, தோரணம் கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, நாளைக்கு டவுன்ல ஒரு மேட்ச் மாமா. நாலு மணிக்கு. ஆறு மணிக்குள்ள வந்துருவேன்."

"காப்பு கட்டியாச்சு லா."

"கிருஷாந்துக்குக் கால்ல அடி. வேற ஆளு இல்ல."

"டேய், ஸ்டேட்டுக்கு இத்தன மேட்ச் நின்னுட்ட. ஒண்ணு போனா குடியா முழுகிரும்? அதுவும் மூணாவது எடத்துக்கு! ஆத்தா காரியத்த விட மூணாவது எடம் பெருசாப் போச்சா ஒனக்கு?"

"ஒண்ணுகூட நின்னதில்ல மாமா" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. சிவசாமி தலைக்குமேல் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் புதிதாக அடித்தது, பெரியது, பக்கத்திலேயே அப்பா படமும் வைத்திருந்தார்கள். நிவேந்திரன் "சரி மாமா" என்று திரும்பினான். அன்றைக்கு அவனுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் சிவசாமிமேல் வந்ததைவிட அதிகம்.

வீட்டில் நிர்மலாதேவி விஷயத்தைக் கேட்டதும், "நேரா சொல்லிற வேண்டியதுதானே?" என்றாள்.

"என்னன்னு சொல்றது? செத்துப்போன மனுசன ஏமாத்துனேன்னா? அப்புறம் இந்தத் தோட்டத்துல நான் எப்படி இருக்கிறது?"

"இருக்க வேணாமே" என்றாள் அவள்.

மறுநாள் காலையில் அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சிவப்பு மண்ணைச் சுரண்டி இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி வந்து, அவன் கீப்பர் காலணிகளுக்குள் காலுக்கு ஒன்றாகத் திணித்தாள்.

"என்ன இது?"

"எல்லையத் தாண்டக்கூடாது, அவ்வளவுதானே? தோட்டத்து மண்ணு மேலயே நில்லுங்க. புலாவ் செபாங்ல எங்க பெரியம்மா முனியம்மாவுக்குக் காப்பு கட்டுன அன்னைக்கு நெஞ்சு வலி. இப்படித்தான் செருப்புல மண்ணு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அம்மன் ஒண்ணும் கேஸ் போடல."

இரண்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அந்தக் காலணிகளை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். தோட்டத்து நுழைவாயிலில் முனியாண்டி கல் இருக்கிறது, அதுதான் எல்லை. வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, கல்லைப் பார்த்தான். கும்பிடத் தைரியம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தாண்டிவிட்டான். எல்லையைத் தாண்டினான் என்று சொல்வதா, எல்லையைக் காலில் கட்டிக்கொண்டு போனான் என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

மைதானத்தில் கிருஷாந்த் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான், மேலே பதிலாட்டக்காரன் போடுகிற மஞ்சள் மேலாடை. ஒன்பது வருஷமாக நிவேந்திரன் போட்டது.

"நைன் இயர்ஸ் நீங்க எனக்கு பால் அடிச்சீங்க அண்ணே. இன்னைக்கு நான் ஒங்களுக்கு அடிக்கணும். முடியல, சாரி" என்றான். மனசார சொன்னான். நிவேந்திரன் அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

நீல டர்ஃப், தண்ணீர் தெளித்துப் பளபளவென்று இருந்தது. கோல் கம்பத்தை ஸ்டிக்கால் இரண்டு தட்டு தட்டினான். இடது கம்பம் ஒன்று, வலது கம்பம் ஒன்று. எதிரணியான பகாங் மாநிலம் வேகமாக ஆடியது. முதல் பத்து நிமிஷத்திலேயே நான்கு முறை பந்து அவனைத் தேடி வந்தது. நான்கையும் தடுத்தான். கால் மணி முடிந்து தண்ணீர் குடிக்க வந்தபோது ஜெர்சி முதுகோடு ஒட்டியிருந்தது. அதைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஈரம். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. முதல் சட்டி ஆறு மணிக்கு. டவுனிலிருந்து தோட்டத்துக்கு மோட்டாரில் முக்கால் மணி நேரம். "இப்பவே கிளம்பினாலும் லேட்டு" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் சற்குணம் சார் ஓடி வந்து, "ஷூட்-அவுட், ஷூட்-அவுட்!" என்று கத்தினார்.

ஷூட்-அவுட் என்றால் எதிரணியில் ஒருவன் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக வருவான். கோலில் கீப்பர் தனியாக. எட்டு விநாடி. அணிக்கு ஐந்து முறை. அதிலும் சமமானால், ஒரு பக்கம் முந்துகிறவரை ஒவ்வொன்றாகத் தொடரும். ஐந்து முடிந்தது, மூன்றுக்கு மூன்று. தொடர்ந்தது. பகாங்காரன் வந்தான், நிவேந்திரன் காலை நீட்டி மறித்தான். மலாக்கா ஆட்டக்காரன் போய் வெளியே அடித்தான். அடுத்த பகாங்காரன் வந்தான், நிவேந்திரன் மறுபடி மறித்தான். மலாக்கா ஆட்டக்காரன் மறுபடி கோட்டைவிட்டான். அரங்கத்துக் கடிகாரம் ஐந்து நாற்பத்தெட்டு. காலணிக்குள் பிளாஸ்டிக் பை கிழிந்து, தண்ணீரோடு சிவப்பு மண் கரைந்து நீல டர்ஃபில் வழிந்தது. நடுவர் பார்த்துவிட்டு, "ரத்தமா?" என்று ஜாடையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. அடுத்ததை விட்டுவிட்டால் என்ன? காலைக் கொஞ்சம் தாமதமாக நீட்டினால் போதும். ஆட்டம் முடிந்துவிடும், ஓடிவிடலாம். நன்றாக நிற்க நிற்க நேரம் ஆகிறது, நேரம் ஆக ஆக அங்கே ஊரே காத்திருக்கிறது. எதற்காகத்தான் ஒரு மனுஷன் நிற்பது? மூன்றாவது ஆள் பந்தோடு வந்தான். இடது பக்கம் சாய்ந்து காட்டி வலது பக்கம் வெட்டினான். நிவேந்திரன் யோசிக்கவில்லை. உடம்பு தானாக விழுந்தது, பந்து கையுறையில் மோதித் தெறித்தது. இந்த முறை மலாக்கா ஆட்டக்காரன் போட்டுவிட்டான். மூன்றாம் இடம்.

பையன்கள் வந்து மேலே விழுந்தார்கள். அவன் அவர்களைத் தள்ளிக்கொண்டு எழுந்து பேட்டைக் கழற்றினான். கையுறையை உருவும்போது காப்பைப் பார்த்தான். அறுந்திருக்கவேண்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டான். மஞ்சள் வேர்வையில் கரைந்து மணிக்கட்டெல்லாம் வழிந்திருந்தது, கயிறு அப்படியே இறுகி இருந்தது.

"மெடலை வாங்கிட்டுப் போ!" என்றார் சற்குணம் சார்.

"நேரம் இல்ல சார்."

அவர் கூடவே பார்க்கிங் வரை மூச்சிரைக்க வந்தார். "கிருஷாந்த் இந்த வருசத்தோட நிப்பாட்டுறான். நெக்ஸ்ட் சீசன் நீதான் ஃபர்ஸ்ட். கம்பெனி க்ளப்லயும் பேசுறேன், ஸ்டோர்ல ஆளு எடுக்கிறாங்க. ஆனா தோட்டத்துல இருந்துகிட்டு முடியாது லா. டவுனுக்கு வந்துரு. மண்டேக்குள்ள சொல்லு."

வழி நெடுக அந்த வார்த்தைகள்தான் காதில் ஓடின. ஜாசின் தாண்டியதும் இன்னொரு ஆசை எழுந்தது. சட்டியை வேறு யாராவது எடுத்திருக்கவேண்டும். நேரம் தவறிவிட்டான் என்று வைது, வேறொருவன் கையில் கொடுத்திருக்கவேண்டும். கொடுத்துவிட்டால் அந்த வருஷத்தோடு அவன் குடும்பத்துக்கு அந்த முறை போய்விடும். அவமானம்தான். ஆனால் போய்விடும். அப்படியும் விடவில்லை என்றால் சொல்ல வேண்டியதை ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். "வேற ஆளப் பாருங்க மாமா." நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று முறை சொன்னான்.

முனியாண்டி கல்லைத் தாண்டியபோது ஏழு மணி ஆகப்போகிறது. கோயில் பக்கம் உறுமிச் சத்தம் இல்லை. வண்டியை நிறுத்திக் காது கொடுத்தான். ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்து போய்விட்டதென்றால் சத்தமாவது இருக்கும், பேச்சாவது இருக்கும். காத்துக்கொண்டிருக்கிற ஊர்தான் இப்படி இருக்கும்.

காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இருபத்திரண்டு குடும்பமும், டவுனிலிருந்து வந்தவர்களும், சிங்கப்பூர்க்காரர்களும். சட்டிகள் வரிசையாக இருந்தன, ஒன்றிலும் நெருப்பு இல்லை. முதல் சட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சிவசாமி. அவர் கையில் நிர்மலாதேவியின் போன்.

நடந்தது இது. ஆறு மணிக்கு ஆளைக் காணோம் என்று சிவசாமி குதித்திருக்கிறார். அரை மணி நேரம் குதிக்கவிட்டு, நிர்மலாதேவி நேராக அவர் முன்னால் போய், ஆட்டத்தை நேரலையில் காட்டிய படத்தைப் பின்னுக்கு ஓட்டி, போனை அவர் கண்ணுக்கு நேரே பிடித்திருக்கிறாள். வர்ணனையாளன் மலாயில் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். மலாக்காவின் கோல்கீப்பர் நிவேந்திரன், ஒன்பது வருடமாக அணியில் இருக்கிறார், இன்றுதான் மாநிலத்துக்காக அவருடைய முதல் ஆட்டம். அவன் இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை அவள் ஒரே நிமிஷத்தில் திறந்துவிட்டாள். பயந்து நடுங்கித்தான் திறந்தாள், ஆனாலும் திறந்தாள்.

"வா. காலக் கழுவு" என்றார் சிவசாமி.

குழாயடியில் காலைக் கழுவினான். விரலிடுக்கில் இருந்த சிவப்பு மண் கரைந்து தோட்டத்து மண்ணோடு போய்ச் சேர்ந்தது.

"மொத மேட்சாமே இன்னைக்கி?"

"ஆமா மாமா."

"அப்ப இந்த ஒம்போது வருசம்?"

"ஓரமா நின்னேன்."

தலைக்குமேல் பேனர் காற்றில் படபடத்தது. நிவேந்திரன் திட்டுக்குக் காத்திருந்தான். சிவசாமி போனை நிர்மலாதேவியிடம் நீட்டிவிட்டு, "நேத்தே இதச் சொல்லியிருந்தா நானே கார்ல கொண்டுபோய் விட்டுட்டுக் கூட்டியாந்திருப்பேனேடா, மடப்பயலே" என்றார்.

இதற்கு அவன் தயாராக இல்லை. கோபம் தலைக்கு ஏறியது. "அப்ப பத்து வருசத்துக்கு முன்னால அந்த லெட்டர்ல மட்டும் ஏன் மாமா சைன் போடல?"

"எப்படா மாட்டேன்னேன்?" சிவசாமி நிஜமாகவே திகைத்தார். "பேனாவத் தொறந்து கையில வச்சிருந்தேன். யாரு நிக்கிறதுன்னு கேட்டேன். வேற ஒருத்தன் பேரச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ பாட்டுக்கு லெட்டர மடிச்சுக்கிட்டுப் போயிட்ட."

பத்து வருஷம் கழித்து ஒரு பெரிய மனுஷர் எதையும் சொல்லலாம். நான் அவரை அவ்வளவு லேசில் நம்பமாட்டேன். ஆனால் நிவேந்திரனுக்கு அந்தப் பேனா ஞாபகம் வந்தது. திறந்த பேனா. மூடி இடது கையில், பேனா வலது கையில். அது கேள்விதானா? வெறும் கேள்விதானா?

"சரி, விடு. ஆத்தாளுக்கு நேரமாச்சு" என்று சிவசாமி எழுந்தார். எழுந்தவர் வேட்டியைத் தட்டிக்கொண்டே, நெருப்புக் கங்கை அள்ளிச் சட்டியில் போடச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, போகிற போக்கில் கேட்டார்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம நம்ம க்ளப்புக்கு மேட்ச் இருக்கு. யாரு நிக்கிறது?"

இந்த முறை அது கேள்வியாகவே அவன் காதில் விழுந்தது. சிவசாமியும் பதிலுக்காக நின்றார். பேனா இல்லாத கை, அவ்வளவுதான் வித்தியாசம். கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. வேப்பிலைக் கொத்தோடு நிர்மலாதேவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் சொல்லு என்றவரை நினைத்தான். ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்த நான்கு வார்த்தைகளும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தான்.

"நான் நிக்கிறேன் மாமா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. சிவசாமி திருப்தியாகத் தலையசைத்து உறுமிக்காரர்களுக்குக் கை காட்டினார். நிர்மலாதேவி வேப்பிலையைச் சட்டியைச் சுற்றிச் செருகினாள். வீங்கிய அவன் கைகளைத் தேடிப் பிடித்து, எரியும் சட்டியை அவற்றில் வைத்தாள். உறுமி கிளம்பியது, பெண்கள் குலவை போட்டார்கள். அவள் அவன் காதருகே குனிந்து, "நடங்க" என்றாள்.

நடந்தான். கோயிலை மூன்று முறை சுற்றினான். பின்னால் மற்ற சட்டிகள் வரிசையாக வந்தன. மூன்றாவது சுற்று முடிந்ததும், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றான்.